எஞ்சின் வெப்பக் கண்காணிப்புக் கருவி: வாங்குவதா, நாமே செய்வதா?

மலைப்பாதை: வணக்கம். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் இடையே வாடகைக்கு ஓடும் என் வேனில் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதியின் இணைப்பை அடைக்கும் தகடு) போய்விட்டது. டேஷ்போர்டு முள் கடைசிவரை நடுவிலேயே நின்றதால், ஆவி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. வெப்பத்தை எண்ணாகக் காட்டும் கருவியை வாங்குவதா, ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதக்கூடிய சிறு மின்பலகையில் நானே செய்வதா? திங்கட்கிழமை சவாரி இருக்கிறது, விரைவாகச் சொல்லுங்கள்.

கரூர்டீசல்: எந்த ஆண்டு வண்டி? எந்த எஞ்சின்? வண்டிக் கணினியின் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட் உண்டா?

நெடுஞ்சாலை: ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு முனை சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 ப்ளூடூத் கருவியைச் செருகினால் செல்பேசியிலேயே எல்லாம் தெரியும். செய்வது வீண் வேலை.

மின்சுற்று: இதைப் பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது பேட்டரி வயர் கழன்றால், 12 வோல்ட் இணைப்பில் ஒரு கணம் 80 வோல்ட்டுக்கு மேலும் எழும்பக்கூடும். ஃபியூஸும், மின்னெழுச்சியை அடக்கும் டயோடும் இல்லாமல் ஆர்டுயினோவை வண்டியில் மாட்டுபவர்கள் முதலில் அடிப்படையைக் கற்க வேண்டும்.

கரூர்டீசல்: நெடுஞ்சாலை அவர்களே, மலிவு ஈஎல்எம்327 கருவிகளில் பல நகல்கள். அவற்றில் அச்சிட்டிருக்கும் 1.5 பதிப்பை, அசல் சிப்பைச் செய்த எல்ம் நிறுவனம் வெளியிடவே இல்லை.

நெடுஞ்சாலை: நகலாக இருந்தாலும் என் காரில் இரண்டு ஆண்டுகளாகக் குறையின்றி வெப்பநிலையைக் காட்டுகிறது.

கரூர்டீசல்: உங்கள் காரில் கணினி இருக்கிறது, அவர் வண்டியில் இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

மலைப்பாதை: மன்னிக்கவும். 2003 டீசல், கணினி இல்லாத மெக்கானிக்கல் பம்ப். சாக்கெட் இல்லை.

நீலகிரிமெக்கானிக்: அப்படியானால் ஈஎல்எம் பேச்சுக்கே இடமில்லை. தம்பி, முள் ஏன் நடுவில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் இறங்கிவிட்டால் சென்சாரின் நுனி காற்றில் நிற்கும். இரும்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் அது குறைவாகவே காட்டும். எண்ணாகக் காட்டும் மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்லும். ஆகவே வெப்ப மீட்டரைத் தனி சென்சாருடன் கடையில் வாங்குங்கள். தண்ணீர் மட்டம் குறைந்தால் அலறும் பஸரை மட்டும் நீங்களே செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல்தொட்டியில், தொட்டியின் உலோக உடம்பில் படாதபடி ஒரு எவர்சில்வர் கம்பியை இறக்கினால் போதும். தண்ணீர் விலகியதும் மின்னிணைப்பு அறுந்து பஸர் ஒலிக்கும். மீட்டரைக் கொதிநீரில் சோதிக்கும்போது, கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால், மலையேற்றத்தில் தண்ணீர் முன்கூட்டியே கொதித்து வெளியேறிவிடும்.

மின்சுற்று: கம்பியில் நேர்மின்னோட்டத்தைத் தொடர்ந்து விட்டால் அரிப்பு வரும். சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் சோதிக்குமாறு நிரல் எழுதவும்.

மலைப்பாதை: மீட்டர் வாங்கி மாட்டிவிட்டேன், பஸர் செய்தாயிற்று. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினேன். நன்றி, அண்ணா.