படைப்பணியும் வலுதூக்கும் போட்டியும்: இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

உசிலம்பட்டி சிப்பாய்:
தரைப்படையில் இருக்கிறேன், இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். வலுதூக்குதலில் (பவர்லிஃப்டிங்) 74 கிலோ உடல் எடைப் பிரிவு. படையின் உடல்திறன் தேர்வில் நீண்ட தூரம் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். ஓட்டத்தைக் கூட்டினால் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) இறங்குகிறது. தூக்கும் எடையைக் கூட்டினால் ஓடும்போது மூச்சு வாங்குகிறது. அனுபவமுள்ள அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற ஹவில்தார்:
தம்பி, இரண்டையும் ஒரே மாதத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. தேர்வு நெருங்கும்போது வாரம் இரண்டு நாள் மட்டும் தூக்கு. தூக்கும் எடையைக் குறைக்காதே, செட்டுகளை, அதாவது தூக்கும் சுற்றுகளைக் குறை. வலு பெரும்பாலும் நிற்கும். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது) செய்த மறுநாள் நீண்ட ஓட்டம் வேண்டவே வேண்டாம். இரவுக் காவல் பார்த்துவிட்டு வந்து கனமான எடையைத் தொடாதே.

கையைக் கவனி. பார் பிடித்துக் காய்த்த உள்ளங்கைத் தோல் கயிறு ஏறும்போது விரலடியில் உரிந்துவிடும், பிறகு இரண்டு வேலையும் நின்றுபோகும். குளித்தவுடன் பாதம் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்துவிடு.

மேலூர் பயிற்சியாளர்:
அண்ணன் சொன்னது சரி. போட்டியன்று உடல் எடை பார்ப்பது தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்புதான். தண்ணீரை நிறுத்தி உடம்பை வற்றவைத்தால் அதற்குள் தேறாது. சில வாரங்களுக்கு முன்பே சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடை பார்த்ததும் இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர்.

உசிலம்பட்டி சிப்பாய்:
நன்றி அண்ணா. என் கையும் அப்படித்தான் காய்த்திருக்கிறது. முதல் முயற்சிக்கு எவ்வளவு எடை கேட்கலாம்?

மேலூர் பயிற்சியாளர்:
பயிற்சியில் தொடர்ந்து மூன்று முறை தூக்கிய எடையைக் கேளுங்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சுக்கு மேல் தூக்குவது), டெட்லிஃப்ட் இவற்றில் ஏதாவது ஒன்றில் மூன்று முயற்சியும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது.