பெல்லட் விழுகிறது, ஃபேன் ஓடுகிறது, தீ மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது

கதகதப்பு:

மூன்று நாளாக, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளை (பெல்லட்) எரித்து வீட்டைச் சூடாக்கும் இந்தப் பெல்லட் ஸ்டவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். போன குளிர்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் தரவில்லை. கோடையில் சும்மா கிடந்தது. இந்த முறை குளிர் தொடங்குவதற்கு முன்பே, நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, சாம்பலை அள்ளி, கண்ணாடியைத் துடைத்து, பெல்லட்டைச் சேர்த்து வைக்கும் ஹாப்பரில் புது மூட்டையைப் பிரித்துக் கொட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். புகையை வெளியே தள்ளும் ஃபேன் ஓடியது, கொஞ்ச நேரத்தில், பெல்லட்டைத் தள்ளிக்கொண்டு வரும் திருகான ஆகர் சுற்றும் அந்தக் கர்ர்ர் சத்தம், பர்ன் பாட்டுக்குள் (தீ எரியும் கிண்ணம்) டக் டக்கென்று பெல்லட் விழுந்தது. அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான். அப்புறம் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, பற்றவில்லை என்ற பொருளில் ஒரு எரர் காட்டித் தானே அணைந்துவிடுகிறது. ஐந்தாறு முறை முயன்றாயிற்று, ஒவ்வொரு முறையும் இதே கதை.

அணைந்து ஆறிய பிறகு பாட்டை எடுத்துப் பார்த்தால் பெல்லட் எல்லாம் மூட்டையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. பின்பக்கம் அடியில் கிடக்கிற நாலைந்து மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. கரண்டில் சூடாகித் தீ மூட்டும் இக்னைட்டர் போய்விட்டது என்று நினைக்கிறேன், புதிது ஆர்டர் போட்டால் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? 230 வோல்ட் மாடல். மல்டிமீட்டர் இருக்கிறது, பேட்டரி பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொட்டதில்லை.

சுடர்மணி:

இக்னைட்டர்தான். எனக்கும் அச்சு அசல் இதே மாதிரி. மாற்றினேன், சரியாகிவிட்டது. யோசிக்காமல் ஆர்டர் போடுங்கள்.

பழைய ஸ்பானர்:

சுடர்மணி சொல்வது நடக்காத விஷயம் இல்லை. இக்னைட்டர் என்றைக்காவது போகிற சாமான்தான். ஆனால் யோசிக்காமல் மாற்றுவது மட்டும் வேண்டாம், ஏனென்றால் தம்பி எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

இந்த அடுப்பு ஒரு வரிசைப்படிதான் வேலை செய்யும். முதலில் புகை ஃபேன் ஓடும். அது உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வெளியே தள்ளுவதால் அடுப்புக்குள் அழுத்தம் கொஞ்சம் குறையும், அந்தக் குறைவை ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வேக்கம் ஸ்விட்ச் உணரும், உணர்ந்தால்தான் ஆகர் மோட்டாருக்குக் கரண்ட் போகும். கதவு சரியாக மூடவில்லை, புகைக்குழாய் அடைத்திருக்கிறது, ஹாப்பர் மூடி திறந்திருக்கிறது, அதிகச் சூட்டில் விழும் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கிறது என்றால் பெரும்பாலான மாடல்களில் பெல்லட்டே விழாது. உங்களுக்கு விழுகிறது. ஆகவே இவ்வளவு பேரையும் விட்டுவிடலாம். மிச்சம் சூடு, காற்று, பெல்லட் மூன்றும்தான்.

சூட்டை அளந்து பார்த்துவிடலாம். பிளக்கைப் பிடுங்குங்கள் (பட்டனை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்). நன்றாக ஆறட்டும். இக்னைட்டருக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றி, மீட்டரை ஓம் பக்கம் வைத்து அந்த இரண்டு முனைக்கும் இடையே பாருங்கள். எத்தனை வாட் என்று அதன் மேலேயோ மேனுவலிலோ போட்டிருக்கும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்று வந்துவிடும். 300 வாட் என்றால் 230 வோல்ட்டுக்குச் சுமார் 176 ஓம், 120 வோல்ட் மாடலாக இருந்தால் 48. அங்கே இங்கே கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, அப்போது ஆர்டர் போடுங்கள். ஒரு முனையை அப்படியே வைத்து, மற்றதை இக்னைட்டரின் உலோக உறையில் தொட்டும் பாருங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், அது ஃப்யூஸையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஆனால் அந்தப் பழுப்பேறிய நாலைந்து பெல்லட் எனக்கு உறுத்துகிறது. இக்னைட்டர் செத்திருந்தால் அவை எப்படிப் பழுக்கும்?

சாம்பல்வாளி:

ஸ்பானர் அண்ணா சொன்னது எல்லாம் சரி, அதற்கு முன்னால் ஒன்று. ஐந்தாறு முறை முயன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் பாட்டைக் காலி செய்தீர்களா? செய்யாவிட்டால் இனிமேல் செய்யுங்கள். பற்றாத பெல்லட் மேலேயே மறுபடி ஸ்டார்ட் போட்டால் கிண்ணம் நிரம்பி வழியும், அடியில் எங்கேயோ கனல் பிடித்துத் தீ இல்லாமல் புகை மட்டும் கிளம்பும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று புகை அடைத்துக்கொண்டது, ஒன்றுமே தெரியவில்லை, திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் பற்றியபோது ‘டொம்’ என்று ஒரு சத்தம், கதவே அதிர்ந்தது. அந்த மாதிரிப் புகை சேர்ந்துவிட்டால் கதவைத் திறக்கவே கூடாது, பிளக்கையும் பிடுங்கக் கூடாது. ஃபேன்தான் அந்தப் புகையை வெளியே கொண்டுபோகிறது, அதை ஓட விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

எடுக்கிற பெல்லட்டை உடனே ஹாப்பரில் திருப்பிப் போடாதீர்கள். ஒன்றே ஒன்றில் கனல் இருந்தாலும் போதும். மூடி உள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வைத்துவிடுங்கள். சாதாரண வேக்கம் கிளீனரைச் சாம்பலில் விடாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் என்னிடம் ஒரு கதை இருக்கிறது, இங்கே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டில் இருக்கிறதா?

கதகதப்பு:

அலாரம் இருக்கிறது. பாட்டை முதல் இரண்டு முறை காலி செய்யவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டொம் கதையைப் படித்த பிறகு கை நடுங்குகிறது.

அளந்துவிட்டேன். இரண்டு முனைக்கும் நடுவில் 171 ஓம். உறையில் தொட்டால் ஒன்றும் காட்டவில்லை. மேலே 300 வாட் என்று பொறித்திருக்கிறது. அப்படியென்றால் இக்னைட்டர் நன்றாக இருக்கிறதா? ஆனால் நேற்று ராத்திரியே ஆர்டர் போட்டுவிட்டேன், சுடர்மணி புண்ணியத்தில்.

பழைய ஸ்பானர்:

இக்னைட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கரண்டும் போகிறது, இல்லாவிட்டால் பழுப்பு வந்திருக்காது. ஆர்டர் போட்டது வரட்டும், அலமாரியில் கிடக்கட்டும், என்றைக்காவது உதவும்.

இனி பெல்லட். நாலைந்தை எடுத்து விரலால் ஒடித்துப் பாருங்கள். நல்லது ‘படக்’ என்று உடையும். ஈரம் வாங்கியது நசுங்கும், தூளாக உதிரும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல பெல்லட் மூழ்கிவிடும், அப்புறம்தான் ஊறிப் பிரியும். தரமான மரப் பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. புது மூட்டை என்பதால் இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை, ஆனால் இரண்டு நிமிட வேலைதானே.

அடுத்து, பெல்லட் அடுப்புக்கென்றே விற்கிற பற்றவைக்கும் ஜெல் கொஞ்சம் இருந்தால், காலியான, ஆறிய பாட்டில் ஒரு கைப்பிடி பெல்லட் வைத்து, மேலே கொஞ்சம் ஜெல்லைப் பிசறிப் பற்றவைத்து, உடனே கதவை மூடி ஸ்டார்ட் போடுங்கள். மேனுவலில் கையால் பற்றவைக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் இதை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது. சூடான பாட்டில் ஜெல்லைச் சேர்ப்பதும் அதே தப்புதான். அப்படிப் பற்றவைத்தது நின்று எரிந்தால் ஃபேன், ஆகர், புகைக்குழாய், வெப்பம் பார்க்கும் சென்சார் எல்லாம் சரி, முதல் பொறியில்தான் சிக்கல் என்று உறுதியாகிவிடும்.

அதுவரை ஒரு கேள்வி. சுத்தம் செய்தபோது பர்ன் பாட்டைக் கழற்றினீர்கள் அல்லவா, திருப்பி வைக்கும்போது ‘டக்’ என்று உட்கார்ந்ததா, அல்லது சும்மா வைத்துவிட்டு வந்துவிட்டீர்களா? உங்களுடையது போன்ற அடுப்பில் இக்னைட்டர் பெல்லட்டைத் தொடுவதே இல்லை. அது ஒரு சின்னக் குழாய்க்குள் படுத்திருக்கும், ஃபேன் இழுக்கிற காற்று அதை உரசிக்கொண்டு வந்து, சுட்ட காற்றாகப் பாட்டின் பின்பக்க ஓட்டை வழியே பெல்லட் மேல் படும். பாட்டுக்கு அடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று சோம்பேறி, சுலபமான வழியில் போய்விடும், குழாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது இக்னைட்டர் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும், பெல்லட் லேசாகப் பழுக்கும், அவ்வளவுதான்.

வெண்பனி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், தனியாக எழுத வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். என்னுடையதில் ஃபேன் ஓடுகிறது, ஆனால் பெல்லட்டே விழவில்லை. ஆகர் சத்தமும் இல்லை. ஹாப்பர் நிறைய இருக்கிறது. மேலே படித்ததை வைத்துப் பார்த்தால் ஸ்விட்சுகளில் ஏதோ ஒன்றா?

கதகதப்பு:

கண்டுபிடித்துவிட்டேன்! ஸ்பானர் அண்ணா, நீங்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

பெல்லட் நன்றாக ஒடிந்தது, தண்ணீரில் மூழ்கியது. ஜெல் வைத்துப் பற்றவைத்தேன், மேனுவலில் தடை இல்லை. மடமடவென்று பிடித்து இரண்டு மணி நேரம் நின்று எரிந்தது, வீடே கணகணவென்று ஆகிவிட்டது. காலையில் நன்றாக ஆறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாட்டைத் தூக்கி, அது உட்காரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பின் மூலையில், விளிம்புக்கு அடியில், நகக்கண் அளவுக்குக் கறுத்து இறுகிய ஒரு சாம்பல் சில்லு, கண்ணாடித் துண்டு மாதிரி. கிண்ணத்திலிருந்து நான் சுரண்டி எடுத்தபோது தெறித்து அங்கே போய் விழுந்திருக்கிறது, அதன் மேலேயே பாட்டை வைத்திருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது, மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அது போதாதென்று, பின்பக்க ஓட்டையில் ஒரு கம்பியை விட்டேன், கம்பி உள்ளே போகவே இல்லை. வளைத்துத் திருகினால் சாம்பல் பொலபொலவென்று கொட்டுகிறது, ஒரு ஸ்பூன் இருக்கும். இதுவும் என் கைங்கரியம்தான். பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தபோது சாம்பலை வெளியே எடுப்பதாக நினைத்துக்கொண்டு அந்தக் குழாய்க்குள் தள்ளியிருக்கிறேன். சுத்தமே செய்யாமல் விட்டிருந்தால் ஓடியிருக்கும் என்று மனைவி சிரிக்கிறாள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாட்டை வைத்து, நாலு மூலையிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன், ஆடவில்லை. ஸ்டார்ட் போட்டதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலாவது நிமிடம் பின்பக்கம் ஒரு மெல்லிய புகைக் கோடு, ஆறாவது நிமிடம் தீ.

சுடர்மணி:

அடப்பாவி, அப்போது என்னுடையதும் இதேதானோ? புதிது போடுவதற்காக எல்லாவற்றையும் கழற்றினேன், அப்போது சாம்பலையும் சேர்த்துத்தான் எடுத்தேன். பழைய இக்னைட்டர் இன்னும் டப்பாவில் கிடக்கிறது, இன்றைக்கே அளந்து பார்க்கிறேன்.

பழைய ஸ்பானர்:

அளந்துவிட்டுச் சொல்லுங்கள் சுடர்மணி, பந்தயம் கட்டத் தயார்.

கதகதப்புத் தம்பி, பாட்டின் அடியில் இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகளையும் வாரம் ஒருமுறை கம்பியால் குத்திவிடுங்கள்.

வெண்பனி, உங்களுடையது வேறு கணக்கு. முதலில் ஹாப்பர் மூடியையும் கதவையும் நன்றாக அழுத்தி மூடிப் பாருங்கள். கதவு ஓரத்துக் கயிறு கேஸ்கெட் நைந்திருந்தால் அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது. அப்புறம் பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா பாருங்கள், பல மாடல்களில் அதிகச் சூட்டில் விழும் ஸ்விட்சை அதை அழுத்தித்தான் எழுப்ப வேண்டும். அழுத்தினால் ‘கிளிக்’ கேட்கும். அடிக்கடி விழுந்தால் மட்டும் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், எதனால் சூடு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேக்கம் ஸ்விட்சின் ரப்பர் குழாயைப் பாருங்கள். விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் அடுப்போடு சேரும் முனையில் சாம்பல் அடைத்திருக்கும். குழாயை ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும். மாட்டியபடியே ஊதினால் உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். சிலர் ஸ்விட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஓட்டுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புகை வெளியே போகவில்லை என்றால் பெல்லட் விழாமல் தடுப்பதற்குத்தான் அது இருக்கிறது. வெளியே புகைக்குழாய் முனையையும் போய்ப் பாருங்கள்.

வெண்பனி:

சிவப்பு பட்டன் கிளிக் சொல்லவில்லை, கதவு சரி, ரப்பர் குழாய் சுத்தம். கடைசியில் வெளியே போய்ப் பார்த்தால் புகைக்குழாய் முனையில், வலைக்குப் பின்னால், கைமுட்டி அளவுக்குக் குளவிக் கூடு. காலியான கூடுதான். கோடை முழுக்க அங்கே குடித்தனம் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. வலையைக் கழற்றிக் கூட்டை எடுத்ததும் ஆகர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இப்போது எரிகிறது.

சுடர்மணி:

டப்பாவில் கிடந்த பழைய இக்னைட்டர்: 174 ஓம்.