மாடு இப்போது எங்கே நிற்கிறது?

துணுக்காயிலிருந்து

போர் முடிந்தபின், 2010 தை மாதம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பினோம். காணியைப் பற்றை மூடியிருந்தது. கையில் ஒரு தறப்பாளும் நிவாரண அரிசியும். ஆனால் காட்டோரமெங்கும் மாடுகள் நின்றன. போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது சனங்கள் அவிழ்த்துவிட்டுப் போன பட்டிகள், கட்டாக்காலியாகத் திரிந்தன. ஊரில் பலரும் பிடித்தார்கள். நானும் ஒரு பசுவைப் பிடித்தேன். அதன் வலது தொடையில் 'த' என்று குறி சுடப்பட்டிருந்தது. அந்த எழுத்தின்மேல் என் குறியைச் சுட்டேன். என் தகப்பன் காலத்திலிருந்து எங்கள் குறி சிலுவை.

அந்தப் பாலைக் குடித்துத்தான் என் பிள்ளைகள் தேறினார்கள். இதைச் சொல்லியே நான்கு வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடு மாதா கோவிலுக்குப் போய், காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கி, நவநாள் முழுவதும் முழந்தாளில் நின்றேன். அழுதும் இருக்கிறேன். அந்த அழுகை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பால் கறந்தேன்.

2014 தவக்காலத்தில், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மற்றவற்றோடு இதையும் மெதுவாகச் சொன்னேன். குருவானவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாடு இப்போது எங்கே நிற்கிறது?" என்று கேட்டார்.

"என் பட்டியில், சுவாமி."

"அப்படியென்றால் இது இன்னும் நடந்துகொண்டிருக்கிற பாவம். உரியவரைத் தேடிப் பாரும். பிறகு வாரும்."

காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்! வழி எவ்வளவு தூரம் என்று அன்றுவரை யோசித்ததில்லை. குறி தெரிந்த ஒரு முதியவர் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு குடும்பத்தைச் சொன்னார். மாடு ஏற்றக் கடிதம் வேண்டும். கிராம அலுவலர் பேனாவை எடுத்துக்கொண்டு, "யாருடைய மாடு?" என்றார். வரிசையில் என் ஊர்ச் சனங்கள் நின்றார்கள். "என்னுடையது இல்லை" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதைவிட அங்கே சொன்னதுதான் கடினமாக இருந்தது.

லாண்ட்மாஸ்டர் என்கிற சிறிய உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, மாங்குளம் தாண்டிக் கொண்டுபோனேன். வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சைவக் குடும்பம், நெற்றியில் திருநீறு. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து பசுவின் தொடையைத் தடவினார். என் சிலுவைக்குக் கீழே அந்த எழுத்தின் வளைவு இன்னும் தெரிந்தது. அது அவருடைய மகனின் பெயரின் முதல் எழுத்து. 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலம் கடந்தபின் அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "எத்தனை கன்று போட்டது, தம்பி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. பசுவைக் கொடுப்பதே பெரிய காரியம் என்று நினைத்து வந்திருந்தேன். மூன்று கன்று, அதில் ஒன்றை விற்றுவிட்டேன் என்றேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் நற்செய்தியில் வருகிற வரிதண்டுபவர் சக்கேயு என் தலைக்குள் இருந்தார். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் ஆண்டவர் முன்னிலையில் கணக்குச் சொன்னார். விடுதலைப் பயண நூலில் மோசேயின் சட்டம் இன்னும் கடுமை: திருடி விற்ற ஆட்டுக்கு நான்கு ஆடு, மாட்டுக்கு ஐந்து மாடு. எனக்கு அந்த வசதி இல்லை. அடுத்த கிழமை மிச்சமிருந்த இரண்டு நாகு கன்றுகளையும் கொண்டுபோய் விட்டேன். விற்ற கன்றின் காசை இரண்டு சிறுபோக நெல் அறுவடையில் கொடுத்து முடித்தேன். குடித்த பாலுக்குக் கணக்கே இல்லை. அதனால் ஒவ்வொரு காலபோக அறுவடைக்கும் ஒரு மூட்டை புதுநெல்லோடு போகிறேன். மன்னித்தேன் என்று அந்த அம்மா இன்றுவரை சொன்னதில்லை. தேநீர் தருகிறார். பசுவைக் காட்டுகிறார்.

கிளிநொச்சியிலிருந்து

அண்ணா, உங்கள் குருவானவரின் கேள்வியைப் போல ஒரு கேள்வி எனக்கும் வந்தது. நான் மறைக்கல்வி ஆசிரியை. 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசே வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தாரல்லவா? அந்த மாதம் முழுவதும் பிள்ளைகளுக்கு அவர் கதைதான் சொன்னேன். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, சனங்கள் நோயாளரைக் கைவிட்டு ஓட, அவர் அவர்களோடு தங்கிப் பணிவிடை செய்தார் என்று உருக்கமாகச் சொன்னேன்.

அதே நாட்களில் எங்கள் செபக்குழு ஒவ்வொரு வியாழனும் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போகும். ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. செபமாலை சொல்வோம், பாட்டுப் பாடுவோம், பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு வருவோம். ஒரு வியாழன் பாட்டு முடிந்ததும் அவன் சொன்னான்: "அக்கா, அம்மா காலையிலேயே கூலிவேலைக்குப் போய்விட்டார். என்னை ஒருதரம் மற்றப் பக்கம் திருப்பிவிடுகிறீர்களா?"

பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவருக்கும் எப்படித் திருப்புவது என்று தெரியவில்லை. திருப்பியபோது படுக்கைப் புண்ணைப் பார்த்தேன். என் உள்ளங்கையளவு இருந்தது. எத்தனை வியாழன் அந்தப் புண்ணுக்கு மேலே நின்று பாடியிருக்கிறோம்! நெஞ்சு பதறியது. குளிரில் நிற்பவனிடம் "சமாதானமாய்ப் போ, குளிர் காய்ந்துகொள்" என்று சொல்வதைப்பற்றி யாக்கோபு தன் திருமுகத்தில் எழுதியது எங்களைப்பற்றித்தான்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை புரட்டினால்தான் புண் வராது என்று தாதி ஒருவர் சொல்லித்தந்தார். ஒரு கொப்பியில் முறை எழுதினோம். அவன் தாய் வேலைக்குப் போகும் நேரத்தை ஆறு பெண்கள் பகிர்ந்துகொண்டோம். வியாழன் செபம் தொடர்கிறது, முன்பைவிடச் சுருக்கமாக. புண் ஆற எட்டு மாதம் எடுத்தது. இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அந்த மணத்தைத் தாங்குவது எல்லோராலும் முடியாது.

முல்லைத்தீவிலிருந்து

துணுக்காய் அண்ணாவின் பதிவை மூன்று தடவை வாசித்தேன். நான் மறுகரையில் நிற்கிறவன். என் அப்பாவின் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் 2009இல் விட்டுவிட்டு வந்தது. அது யாருடைய தோட்டத்தில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் அப்பா வெட்டிய அடையாளம் இருக்கிறது. அந்த மனிதர் ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருக்கிறார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் வேளையில் நான் வேறு பக்கம் திரும்பிக் கைகூப்புவேன்.

பத்து வருடத்துக்கு மேலாக நான் பேசாமல் இருந்ததைப் பொறுமை என்று நினைத்திருந்தேன். அவரை உள்ளுக்குள் தினமும் கள்ளன் என்று திட்டிக்கொண்டுதான் இருந்தேன். உன் சகோதரன் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று மத்தேயுவில் இருக்கிறது. அவருக்கும் அது ஒரு வாசல். நான்தான் அதைப் பூட்டி வைத்திருக்கிறேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவரோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடுவரை நடக்கப் போகிறேன். இயந்திரம் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்வேனா, திருப்பிக் கேட்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்காகச் செபியுங்கள். அவருக்காகவும்.