இண்டோர் யூனிட் மோட்டார் முழு வேகத்தில் ஓடி நின்றுவிடுகிறது: கோளாறு மோட்டாரிலா, போர்டிலா?

காவிரிக்கரை:

வணக்கம். எங்கள் படுக்கையறையில் உள்ள 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசியின் இண்டோர் யூனிட்டில் ஒரு கோளாறு. ஏசியைப் போட்டதும் மடல் திறந்து புளோயர் சுழலத் தொடங்குகிறது. ரிமோட்டில் மிகக் குறைந்த வேகத்தை வைத்திருந்தாலும், காற்று மெல்ல மெல்ல ஏறி, முழு வேகத்துக்குரிய இரைச்சலோடு சற்று நேரம் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு தானாகவே மீண்டும் முயன்று, அதே போல் நிற்கிறது. கடைசியில் முகப்பில் எச்சரிக்கைக் குறியீடு தோன்றி, வெளியே கம்ப்ரசரும் நின்றுபோகிறது. மெயினை அணைத்துப் போட்டால் முதலிலிருந்து இதே கதைதான்.

பார்க்க வந்த மெக்கானிக் முதலில் கெபாசிட்டரை மாற்றினார், பலனில்லை. மோட்டாரையும் அதைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் தாம் பொறுப்பேற்க முடியாது என்று இப்போது சொல்கிறார். ஏசி ஆறேழு ஆண்டுகள் பழையது என்பதால், இரண்டுக்கும் சேர்த்துச் செலவிடத் தயக்கமாக இருக்கிறது. என்னிடம் மல்டிமீட்டர் உள்ளது; வீட்டு வயரிங், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் வரை கைப்பழக்கமும் உண்டு. எது பழுது என்பதை வீட்டிலேயே உறுதி செய்ய வழி இருக்கிறதா? கோடைக்கு முன்பு ஜெட் பம்பு வைத்துத் தண்ணீர் சர்வீஸ் செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் சில வாரங்கள் நன்றாகவே ஓடியதால், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது எனக்கு விளங்கவில்லை.

மாடிவீடு:

மெயினை அணைத்துவிட்டு, காற்று வரும் வாய் வழியாகப் பென்சிலால் புளோயரைத் தள்ளிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றி மெதுவாக நின்றால் பேரிங்கில் குறை இல்லை. எங்கள் வீட்டில் இடது முனையில் உள்ள ரப்பர் பேரிங் காய்ந்து இறுகியதால்தான் மோட்டார் திணறியது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

காவிரிக்கரை:

தள்ளிப் பார்த்தேன். தாராளமாகச் சுற்றுகிறது, உரசலோ கீச்சொலியோ இல்லை.

குளிர்ப்பணி:

வணக்கம் ஐயா. ஏசி பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். குறைந்த வேகம் வைத்தாலும் முழு வேகத்துக்கு ஏறி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு பெரும்பாலும் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. கெபாசிட்டர் மாற்றப்பட்டது என்பதிலிருந்து, உங்கள் இண்டோர் மோட்டார் 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் ஏசி (மாறுதிசை மின்சார) மோட்டார் என்பதும் தெரிகிறது. இன்வெர்ட்டர் என்றதும் உள்ளே இருப்பதும் டிசி (நேர்திசை மின்சார) மோட்டார்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கம்ப்ரசர் இன்வெர்ட்டரில் ஓட, இண்டோர் விசிறி மட்டும் பழைய வகையாகவே உள்ள ஏசிகள் நம் ஊரில் ஏராளம்.

இவ்வகை மோட்டாரிலிருந்து இரண்டு கனெக்டர்கள் போர்டுக்கு வரும். பெரியது மின்சாரத்துக்கு, சிறியதில் மூன்று மெல்லிய வயர்கள் இருக்கும். மோட்டாரின் மூடிக்குள் ஹால் சென்சார் என்று ஒரு சிறு பொருள் உண்டு. சுழலியில் பதித்த காந்தம் அதைக் கடக்கும் போதெல்லாம் அது ஒரு துடிப்பை அனுப்பும். மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைப் போர்டு அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் அறிகிறது. வேறு வழி அதற்கு இல்லை. துடிப்பு வராவிட்டால், மோட்டார் மெதுவாகச் சுழல்கிறது என்று கருதி, ட்ரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் வழியாக மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். முழு மின்சாரமும் கொடுத்த பிறகும் துடிப்பு வரவில்லை என்றால், மோட்டார் ஓடவே இல்லை என்று முடிவு செய்து நிறுத்திவிடும். விசிறி நின்ற நிலையில் கம்ப்ரசர் ஓடினால் காயிலில் பனி கட்டி, ஆவியாகாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பும் அபாயம் உண்டு என்பதால் அதையும் சேர்த்து நிறுத்துகிறது. ஆகவே உங்கள் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, மோட்டாரும் ஓடுகிறது. ஓடுகிறது என்ற செய்திதான் போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. கெபாசிட்டர் வலுவிழந்திருந்தால் மோட்டார் சோர்ந்து ஓடுமே தவிர, இப்படி முழு வேகத்தில் சீறாது.

செய்தி எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதை அளந்து பார்த்துவிடலாம். முதலில் ரிமோட்டால் ஏசியை அணைத்துவிட்டுப் பிறகு எம்சிபியை (ஏசிக்கான மெயின் பிரேக்கரை) இறக்குங்கள். இந்த வரிசை முக்கியம்: பெரும்பாலான ஏசிகளில் மின்சாரம் திரும்பியதும் பழைய நிலையிலேயே தானாக ஓடத் தொடங்கும் வசதி உண்டு; நீங்கள் கை வைத்திருக்கும்போது புளோயர் கிளம்பிவிடக் கூடாது. சில நிமிடங்கள் பொறுத்த பின் போர்டுப் பெட்டியைத் திறந்து, பெரிய கனெக்டரைக் கழற்றி, மோட்டார் பக்கத்து மூன்று வயர்களை இரண்டிரண்டாக ஓம் அளவில் பாருங்கள். மூன்று இணைகளிலும் சில நூறு ஓம் காட்ட வேண்டும். இருப்பதிலேயே பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். எந்த வயருக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது.

அடுத்த சோதனை மின்சாரம் உள்ள நிலையில் செய்ய வேண்டியது. பெரிய கனெக்டரைக் கழற்றியபடியே விட்டுவிட்டால் புளோயர் கிளம்புமோ என்ற அச்சம் இருக்காது. சிறிய கனெக்டர் செருகியபடியே இருக்கட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, எம்சிபியை ஏற்றி, கனெக்டரின் பின்புறம் வழியாக முனைகளை நுழைத்து அளக்க வேண்டும். மூன்றில் ஒன்று கிரவுண்டு, ஒன்று 5 வோல்ட், மற்றொன்று சிக்னல். கிரவுண்டுக்கும் சிக்னலுக்கும் இடையே மீட்டரை வைத்துக்கொண்டு, மரக்குச்சியால் புளோயரை மிக மெதுவாகத் திருப்புங்கள். சென்சார் நன்றாக இருந்தால் அளவு சுழியத்துக்கு அருகிலும் 5 வோல்ட்டுக்கு அருகிலும் மாறி மாறி வரும். மாறாமல் ஒரே இடத்தில் நின்றால் எம்சிபியை இறக்கி, சிறிய கனெக்டரையும் கழற்றிவிட்டு, மீண்டும் ஏற்றி, போர்டு பக்கத்தில் மட்டும் அதே அளவை எடுத்து எழுதுங்கள். போர்டின் எந்தப் பகுதியிலும் விரல் படக் கூடாது. வெறும் 5 வோல்ட் என்று தோன்றும் பகுதிகூடச் சில போர்டுகளில் மெயினோடு தொடர்புள்ளதாக இருக்கும். கையில் தயக்கம் இருந்தால் இந்தச் சோதனையை மட்டும் ஒரு மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள்.

காவிரிக்கரை:

தெளிவாக விளக்கியதற்கு மிக்க நன்றி ஐயா. பக்கத்து வீட்டு மின்பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அளந்தேன். பெரிய கனெக்டரில் எடுத்த வைண்டிங் (மோட்டார் சுருள்) அளவுகள் 170, 210, 380 ஓம். உடலுக்குத் தொடர்பு இல்லை. சிறிய கனெக்டரில் 4.9 வோல்ட் வருகிறது. சிக்னல் வயரிலும் 4.9 காட்டுகிறது, புளோயரை எப்படித் திருப்பினாலும் அது அசையவில்லை. கனெக்டரைக் கழற்றிய பின்பும் போர்டின் சிக்னல் முனையில் அதே 4.9 இருக்கிறது.

சேலத்துக்காரர்:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏசியில் மோட்டாரிலிருந்து ஒரே கனெக்டரில் ஐந்து வயர்கள் வருகின்றன. கெபாசிட்டரே கண்ணில் படவில்லை. விசிறி அறவே சுழலவில்லை. இதே முறையில் அளக்கலாமா?

குளிர்ப்பணி:

சேலத்து நண்பருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. உங்களுடையது டிசி மோட்டார்; அதை ஓட்டும் மின்சுற்று மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து வயர்களில் ஒன்றில் மெயின் மின்சாரத்தைத் திருத்திப் பெற்ற 310 முதல் 325 வோல்ட் வரை டிசி வரும். மற்றவை கிரவுண்டு, உள் சுற்றுக்கான 15 வோல்ட், வேகத்தைக் கட்டளையிடும் சிறு வோல்டேஜ், வேகத்தைத் திருப்பிச் சொல்லும் சிக்னல் ஆகியவை. பெரும்பாலும் சிவப்பு, கருப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் என்ற வரிசையில் இருக்கும். ஆனால் நிறத்தை நம்பாமல் போர்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது இந்தக் கனெக்டரைக் கழற்றுவதோ செருகுவதோ மோட்டாரின் உள் சுற்றைக் கருக்கிவிடும். எம்சிபியை இறக்கிய பிறகும் போர்டின் பெரிய கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பின்பே கழற்ற வேண்டும்.

கழற்றியபின் மோட்டார் பக்கத்தில் 310 வோல்ட் வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் உள் சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த மோட்டாரைப் புதிய போர்டில் செருகினால் போர்டும் சேர்ந்து போய்விடும். டிசி மோட்டாரில் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த அளவில் ஒரு நியாயம் உண்டு. கனெக்டர் கழன்ற நிலையில் புளோயரைக் கையால் சுற்றும்போது பிரேக் பிடித்தது போல் இறுக்கமாக இருந்தாலும் அதே ஐயம்தான். மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் மாடல் எண்ணோடு தனி இழை தொடங்குங்கள். இங்கே இரண்டும் கலந்தால் படிப்பவர் குழம்பிவிடுவார்.

இப்போது காவிரிக்கரை ஐயாவுக்கு. உங்கள் அளவுகளில் 170-ம் 210-ம் சேர்ந்து 380 என்பதால் வைண்டிங் நன்றாகவே இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிய பின்பும் சிக்னல் முனையில் 4.9 நிற்கிறது என்றால், போர்டு தன் பங்கை முறையாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. அதைச் சுழியத்துக்கு இழுத்துக் காட்ட வேண்டிய சென்சார் இழுக்கவில்லை. மோட்டாரைக் குற்றம் சொல்லும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள். சிறிய கனெக்டரின் கிரவுண்டு பின்னிலோ சிக்னல் பின்னிலோ பச்சை பூத்திருந்தாலும், வயரைப் பின்னோடு நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் தளர்ந்திருந்தாலும், மீட்டரில் இதே அளவுதான் வரும். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஜெட் பம்பு சர்வீஸில் போர்டை மூடாமல் தண்ணீர் அடித்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஈரம் தங்கிய இடத்தில் அரிப்பு ஊறி, வாரங்கள் கழித்துத்தான் வெளிப்படும். நீங்கள் கேட்ட தொடர்பு அங்கே இருக்கலாம்.

காவிரிக்கரை:

பின்கள் பளிச்சென்று இருக்கின்றன, வயர்களும் உறுதி. துடைத்து அளந்தும் சிக்னல் அசையவில்லை. அப்படியானால் மோட்டார்தான் என்று முடிவு செய்யலாமா? போர்டு முற்றிலும் நல்லது என்று உறுதி சொல்ல முடியுமா? பக்கத்தில் ஒருவர் யுனிவர்சல் போர்டு (பல ஏசிகளுக்கும் பொதுவான மாற்றுப் போர்டு) போட்டால் சென்சாரே தேவைப்படாது, செலவும் குறைவு என்கிறார்.

குளிர்ப்பணி:

மோட்டாரில் உள்ள சென்சார் பழுது என்பது உறுதி. போர்டு நல்லது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் அதற்கு எதிராக இதுவரை ஒரு சான்றும் இல்லை. மோட்டார் ஓடும்போது சிக்னல் ஒழுங்காகத் துடித்தும் குறியீடு வந்திருந்தால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். எனவே மோட்டாரை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. போர்டை முதலில் வாங்குவதில் பொருளே இல்லை.

யுனிவர்சல் போர்டு, வெளியே சாதாரண கம்ப்ரசர் உள்ள ஏசிக்குச் சரி. உங்களுடையது இன்வெர்ட்டர், இண்டோர் போர்டும் அவுட்டோர் போர்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் கம்ப்ரசரின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சாதாரண யுனிவர்சல் போர்டுக்கு அந்தப் பேச்சு தெரியாது. மோட்டாரைத் திறந்து சென்சாரை மட்டும் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். நல்ல கை கிடைத்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் சென்சார் பழைய இடத்திலேயே, காந்தத்துக்கு அதே இடைவெளியில் அமர வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வேகம் தாறுமாறாகும். என்னைக் கேட்டால் மோட்டாராகவே மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பழைய மோட்டாரின் லேபிளில் உள்ள எண், வாட், சுழலும் திசை, தண்டின் நீளம், கனெக்டர் ஆகிய எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கெபாசிட்டர் மதிப்பும் லேபிளில் இருக்கும். இவ்வகை மோட்டார்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 மைக்ரோஃபாரட் வரைதான்.

மாற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. மோட்டாரை எடுக்கப் பல மாடல்களில் காயிலின் ஒரு பக்கத்தைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். செம்புக் குழாய் அங்கே ஒரு மடிப்பு விழுந்தால் கேஸ் போய்விடும். மோட்டாரில் மிச்சப்படுத்தியது அதிலேயே கரைந்துவிடும். புளோயரைத் தண்டோடு பிடிக்கும் செட் ஸ்க்ரூ துருவேறியிருந்தால் மெக்கானிக் முரட்டுத்தனமாகத் திருக விடாதீர்கள். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துப் பொறுத்துத்தான் திருக வேண்டும். இல்லையென்றால் புளோயரின் பிளாஸ்டிக் கழுத்து உடையும், அதற்கும் தனிச் செலவு.

காவிரிக்கரை:

வேறொரு மெக்கானிக்கை அழைத்து, நீங்கள் சொன்ன அளவுகளைக் காட்டினேன். அவரும் சிக்னலை ஒருமுறை தாமே அளந்து பார்த்துவிட்டு, மோட்டாரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இப்போது குறைந்த வேகம், நடுத்தர வேகம், கூடிய வேகம் மூன்றும் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு ஓடுகின்றன, குறியீடும் வரவில்லை. பழைய போர்டே இருக்கிறது. மிக்க நன்றி ஐயா. ஒரே ஒரு சந்தேகம்: குறைந்த வேகத்தில் மட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ‘டக்’ என்ற மெல்லிய ஒலி கேட்கிறது. புதிய மோட்டாரிலும் குறை இருக்குமோ?

குளிர்ப்பணி:

மோட்டாரில் இருக்காது. சுற்றுக்கு ஒரு முறை என்றால் புளோயர் ஏதோ ஓரிடத்தில் தொடுகிறது, அல்லது செட் ஸ்க்ரூ தண்டின் தட்டையான பக்கத்தில் அமராமல் வளைந்த பக்கத்தில் அமர்ந்திருக்கிறது. அந்த மெக்கானிக்கையே அழைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, தட்டைப் பக்கம் நேராக வரும்படி திருப்பி, புளோயரின் இரு முனைகளிலும் உறையோடு உரசாத அளவு இடைவெளி விட்டு இறுக்கச் சொல்லுங்கள். இடது முனையின் ரப்பர் பேரிங் தன் பள்ளத்தில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இப்போதே செய்துவிடுங்கள், ஸ்க்ரூ தவறான பக்கத்தில் இருந்து ஓடிக்கொண்டே போனால் தண்டில் கீறல் விழுந்து, அடுத்த முறை புளோயரைக் கழற்றுவதே கடினமாகிவிடும்.