குளத்தோரக் காகிதக் குளவிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் ஒன்றில் வேலை எனக்கு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் குளத்தருகே மஞ்சளாய் எது பறந்தாலும் “தெபுவான்! ஓடு!” என்பார்கள். தெபுவான் என்றால் மலாயில் பெருங்குளவி. பாவம், பாதி நேரம் அது காகிதக் குளவிதான்.

வெயில் ஏறியதும் தண்ணீருக்கு வரும். பறக்கையில் பின்னங்கால்கள் துவண்டு தொங்கும். தூரத்திலிருந்தே அடையாளம் சொல்ல இது போதும். தேனீயைப் போல ரோமம் கிடையாது, உடம்பு வழவழப்பு, இடை சிறுத்தது. உட்கார்ந்தால் இறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும். தெபுவான் இதைவிடப் பருமன். இங்கே அதிகம் தென்படும் தெபுவானுக்கு வயிற்றின் முன்பக்கம் அகலமான ஆரஞ்சு மஞ்சள் பட்டை, பின்பக்கம் கறுப்பு. கரைச் சேற்றை உருட்டிக்கொண்டு போவது மண்குளவி. அதன் வழிக்குப் போகாதவரை அது நம்மைச் சீண்டாது.

காகிதக் குளவி கால்களைப் பரப்பித் தண்ணீரின் மேலேயே இறங்கிவிடும். குடிக்கக் குடிக்க வயிறு சுருங்கி விரிவது தெரியும். ஒன்றைக் கண்ணால் தொடர்ந்தேன். நேரே பம்பு அறைத் தகரக் கூரைக்குள் போயிற்று. கூட்டில் துளித் துளியாய் நீரை வைத்து இறக்கையால் விசிறியது. தகரச் சூட்டில் குஞ்சுகள் வேகாமல் இருக்கத்தான் இந்தப் பாடு. மரத்தைச் சுரண்டி எச்சிலில் குழைத்துக் கட்டிய கூடு, உறையே இல்லாமல் அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கும். தெபுவான் கூடோ பந்துபோல் மூடியது. காகிதக் கூடு ஒற்றைக் காம்பில் தொங்கும். எறும்பு அண்டாதிருக்கக் காம்பில் வயிற்றிலிருந்து சுரப்பது ஒன்றைப் பூசிவைக்கும். எறும்பு மொய்க்கும் நம் தோட்டத்தில் அது இல்லாமல் பிழைக்க முடியுமா?

“கொளுத்திவிடலாம் தம்பி” என்றார் எங்கள் மேற்பார்வையாளரான மண்டோர். “அண்ணே, பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவின் எதிரிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று பாதையோரம் தர்னேரா பூச்செடி நட்டது நாம்தானே? இதுவும் கம்பளிப்புழுவை மென்று உருட்டிக் குஞ்சுக்குக் கொடுக்கிற ஜாதிதான்” என்றேன். முணுமுணுத்தார், ஆனால் தீப்பந்தத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்காக அதைச் சாது என்று சொல்லமாட்டேன். மட்டைக்கு அடியிலும் கூடு கட்டும். குலை வெட்டுகிறவர்கள் வாங்கிய கொட்டு கொஞ்சமல்ல. தேனீபோல் கொடுக்கை விட்டுச் செத்துப்போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கூட்டின் மேல் நிற்பவை நம் பக்கம் திரும்பி இறக்கையையும் முன்னங்கால்களையும் தூக்கினால் கை வீசாமல் பின்வாங்குங்கள். வீட்டு வாசலில் தெபுவானின் பந்துக்கூடு என்றால் பயிற்சி பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.