மருத்துவர் வரும்வரை தாதி அட்ரினலினைத் தொடலாமா?

படுவான்கரை மிஸ்ஸி:
வயல் வேலைக் காலத்தில் எங்கள் பக்கம் பாம்புக்கடி வந்துகொண்டே இருக்கும். கண்ணாடி விரியன் கடித்து இரத்தம் உறையாவிட்டால் ஏ.வி.எஸ். என்கிற பாம்பு விஷமுறிவு மருந்தை ஏற்றியே ஆகவேண்டும். ஏற்றத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழும். டியூட்டி டொக்டர் அந்த நேரம் வேறு வாட்டில் நின்றால் நாங்கள் போனும் கையுமாக நிற்கிறோம். அதற்கு முதலில் போடவேண்டிய அட்ரினலின் தட்டிலேயே இருக்கிறது. இது அனபிலக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை, என்று தெரிந்தால் முதல் ஊசியைத் தாதியே போடலாம் என்று எழுத்தில் அனுமதி வேண்டும். இதுதான் என் கட்சி.

வாவிக்கரையான்:
நான் டொக்டர், அதனால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஏ.வி.எஸ். ஓடும்போது டொக்டர் கட்டிலடியில் நிற்கவேண்டும். நிற்காததுதான் பிழை, அதைத்தான் திருத்தவேண்டும். இன்னொன்று, மிஸ். அந்தச் சின்ன அம்பியூல் குப்பியில் 1 மில்லிகிராம் அட்ரினலின் இருக்கிறது. இதயம் நின்றவருக்கு அது முழுவதும் நாளத்தால் போகும். அனபிலக்சிஸ் வந்த பெரியவருக்கு அதில் பாதிதான், 0.5 மில்லிகிராம், அதுவும் தொடைத் தசையில். பதற்றத்தில் யாராவது முழு அம்பியூலையும் நாளத்தில் ஏற்றியிருக்கிற கனுலாக் குழாய்க்குள் தள்ளிவிட்டால், நாடி நன்றாக இருந்த மனிதனுக்கு நாமே இதயக் கோளாறை உண்டாக்கிவிடுவோம். பிறகு விசாரணையில் நிற்கப்போவது நீங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தம்பி சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பிழையை டொக்டர்மாரும் விடுவார்கள்! எனக்குக் கவலை வேறு. ‘ரியாக்‌ஷன்’ என்று சத்தம் கேட்டவுடன் தாதிப் பிள்ளைகளின் கை முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரோய்ட் ஊசிக்குத்தான் போகிறது. அது வேலை செய்ய மணிக்கணக்காகும். மூச்சுக்குழாய் அவ்வளவு நேரம் பொறுக்காது. ஏ.வி.எஸ்.ஸுக்கு முன்பு எதைக் கொடுத்தால் ரியாக்‌ஷன் குறையும் என்று இலங்கையிலேயே செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. தோலின் கீழ் போட்ட சிறிதளவு அட்ரினலின் கடுமையான ரியாக்‌ஷனைக் குறைத்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும், ஒவ்வாமை மருந்தான ப்ரோமெத்தசினும் குறைக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை பழைய இடத்துக்கே போகிறது என்றால் குறை அனுமதியிலா, படிப்பிலா?

கல்முனை நானா:
படிப்பில்தான், சிஸ்டர். நான் ஐ.சி.யு.வில் வேலை செய்கிறேன். மூன்று வருட டிப்ளோமா முடித்து வருகிறவர் சில வாரத்தில் வென்டிலேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார். அலாரம் அடித்தால் என்ன செய்வது என்று பக்கத்துக் கட்டில் மூத்தவரிடம் கேட்டுத்தான் படிக்கிறார். அந்த மூத்தவர் பிழையாகப் படித்திருந்தால் இவரும் அப்படியே. அதனால் மிஸ்ஸி கேட்கிற கடிதத்தை இப்போதைக்கு நான் ஆதரிக்கமாட்டேன். முதலில் முறையான அவசர சிகிச்சைப் பயிற்சி வரட்டும்.

படுவான்கரை மிஸ்ஸி:
நானா, பயிற்சி எங்கே வரும்? கைக்குழந்தையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் கொழும்பில் தங்கச் சொல்வீர்கள். மட்டக்களப்பில் தாதியர் கல்லூரி இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பே நடக்கிறது. ஒரு பொம்மையும் காலாவதியான அம்பியூல்களும் இருந்தால் இதை ஒரு பின்னேரத்தில் பழக்கலாம். அடையாளம் காண்பது, டிரிப்பை நிறுத்துவது, ஆளை எழுப்பி உட்காரவைக்காமல் படுக்கவைப்பது, 0.5 எடுப்பது, தொடையில் போடுவது. வருடத்துக்கு ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். செய்யத் தெரியாதவருக்கு அனுமதி வேண்டாம்.

வாவிக்கரையான்:
மூச்சு இழுப்பவரைப் படுக்கவைக்கச் சொல்கிறீர்களா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
மூச்சுக் கஷ்டம்தான் பெரிதென்றால் காலை நீட்டி உட்காரட்டும். பிரஷர் விழுந்தவரை நிமிர்த்தவோ நடக்கவோ விடக்கூடாது, அந்த ஒரு அசைவிலேயே இதயம் நின்றுபோகலாம். பிள்ளை அதைத்தான் சொல்ல வந்தது. ஆனால் பாருங்கள், இந்த வித்தியாசத்தை ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடலாம் என்பதை நானும் நம்பவில்லை.

கல்முனை நானா:
அதைத்தானே நானும் சொல்கிறேன். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கிற இருபது நிமிடச் சோதனையையே எடுங்கள். கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் குழாயில் எடுத்துவிட்டு ‘உறையவில்லை’ என்று எழுதினதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த முடிவை நம்பித்தான் ஏ.வி.எஸ். போகிறது.

வாவிக்கரையான்:
சரி, ஒரு அளவுக்கு இறங்கி வருகிறேன். பெரியவர்களுக்கு மட்டும், தசையில் மட்டும், ஒரே ஒரு ஊசி. அளவு தட்டில் ஒட்டியிருக்கவேண்டும். ஊசி போடும்போதே இன்னொருவர் டொக்டரைக் கூப்பிடவேண்டும். அதற்குமேல் தாதி தொடக்கூடாது.

படுவான்கரை மிஸ்ஸி:
குணமாகாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது ஊசி போடச் சொல்லித்தானே, சேர், நீங்களே படிப்பிக்கிறீர்கள்? நீங்கள் ஆறாவது நிமிடம் வந்தால்?

வாவிக்கரையான்:
இரண்டாவது ஊசி போனில் என் வாயால் சொன்ன பிறகு. அதில் நான் மாறமாட்டேன்.

படுவான்கரை மிஸ்ஸி:
எங்கள் வாட்டுக்குள் சிக்னல் கிடைக்கிற இடம் ஜன்னலடி மட்டும்தான், சேர்.