பாதுகாப்பு பட்ஜெட்டில் பென்ஷன் பங்கு: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவுப் பேச்சு

குழு: நம்ம வீடு, வேலூர்
1 பிப்ரவரி 2025, சனிக்கிழமை

பிரபு (இரவு 8.41): இன்றைய மத்திய பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று மதியத்திலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள், நல்ல செய்திதான். நான் ராணுவப் பக்கம் பார்த்தேன். மொத்தம் 6,81,210 கோடி. அதில் பென்ஷன் மட்டும் 1,60,795 கோடி. விமானம், கப்பல், பீரங்கி எல்லாம் வாங்குவதற்கு 1,80,000 கோடி. தளவாடம் வாங்குகிற அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக, வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்களுக்குப் போகிறது. இது எப்படிச் சரியாகும்?

சித்தப்பா: ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா இருக்கிற குழுவில் இதைப் போட வேண்டுமா தம்பி

பிரபு: அவரிடம் கேட்கத்தான் போட்டேன் சித்தப்பா. அவருக்குத் தெரியாமல் வேறு எங்கேயோ பேசுவதைவிட இது நல்லது.

செல்வி அத்தை: வீட்டில் இருப்பவர்கள் என்றால் அதில் நானும் ஒருத்தி பிரபு. ராணுவத்தில் இருந்த உன் மாமா போன பிறகு எனக்கு மாதம் பிறந்தால் வருவது அந்தக் குடும்ப ஓய்வூதியம் ஒன்றுதான்.

பிரபு: அத்தை, உங்களை மனதில் வைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக. எனக்கு அப்பாவைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் ஆயுள் முழுக்க நின்று உழைத்தவர். பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள், இன்றைக்கும் அதே ஆயிரம்தான். அவருக்கு வருவதில் மாத்திரை வாங்கினால் மிச்சம் இல்லை. சோப்பு வாங்கினால்கூட அவரும் வரி கட்டுகிறார். அந்த வரியில்தானே இந்த 1.6 லட்சம் கோடியும் போகிறது?

மீனா அக்கா: தம்பி, நானும் பட்ஜெட் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். 100 ரூபாய் என்று வைத்தால் சம்பளம், ரேஷன், எரிபொருள், பழுது பார்ப்பது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 46 ரூபாய், புதுத் தளவாடத்துக்கு 26 சொச்சம், பென்ஷன் 23 ரூபாய் 60 காசு, மீதி நாலு ரூபாய் சிவில் செலவு. பென்ஷன் போன பட்ஜெட்டில் 1,41,205 கோடியாக இருந்தது, ஒரே வருடத்தில் 13.87 சதவீதம் கூடியிருக்கிறது. மொத்த பாதுகாப்பு பட்ஜெட் கூடியது 9.5 சதவீதம்தான். அதனால் கேள்வி கேட்பது நியாயம். ஆனால் ஏன் இவ்வளவு என்று பார்க்காமல் தண்டச் செலவு என்று முடிவு கட்டக் கூடாது.

பெரியப்பா (9.10): சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் பார்த்தேன். பிரபு கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, பொதுப் பணம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் வயதுக் கணக்கை நீ பார்க்கவில்லை. ஓர் ஆசிரியர் 60 வயதுவரை சம்பளம் வாங்குகிறார், அதற்குப் பிறகு பென்ஷன். ராணுவத்தில் சிப்பாயாகவே இருந்துவிட்டால் 17 வருடம், அடுத்த பதவியான நாயக் என்றால் 22, அதற்கும் மேலே ஹவில்தார் 24, மேலே இரண்டு வருடம் நீட்டித்தால் உண்டு, அவ்வளவுதான், அதற்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் சுபேதார் வரைக்கும் போனதால் 28 கிடைத்தது. என்னோடு வெலிங்டனில் பயிற்சி முடித்த எத்தனையோ பேர் 36, 37 வயதில் டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை மூன்றாம் வகுப்பு படிக்கிறான், அப்பா ஓய்வு பெற்றவர். அவர்கள் கேட்டுக்கொண்டு வரவில்லை. பனி மலையில் ஏறுவதற்கு இளைஞர்கள்தான் வேண்டும் என்று அரசே வைத்திருக்கிற ஏற்பாடு இது.

மீனா அக்கா: அதைக் கணக்காகவே போடுகிறேன். ஒரு ஜவான் 19-ல் சேர்ந்து 37-ல் வெளியே வந்து 77 வரை இருந்தால் 18 வருடம் சம்பளம், 40 வருடம் பென்ஷன். சிவில் ஊழியர் 25-ல் சேர்ந்து 60-ல் ஓய்வு பெற்று அதே 77 வரை இருந்தால் 35 வருடம் சம்பளம், 17 வருடம் பென்ஷன். பென்ஷன் தொகை பெரிதாக இருப்பதால் இல்லை, வாங்குகிற வருடங்கள் நீளமாக இருப்பதால்தான் 34 லட்சம் பேர் பட்டியலில் இருக்கிறார்கள்.

பெரியப்பா: அந்த 34 லட்சத்தில் எல்லோரும் சீருடை போட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லு. ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை மாதிரி இடங்களில் 60 வரை வேலை பார்த்துப் போன சிவில் ஊழியர்களும் இதே தலைப்பில்தான் வருகிறார்கள். டி.வி.யில் மொத்தமாக 'ராணுவ பென்ஷன்' என்று போட்டுவிடுகிறார்கள், கேட்கிறவன் ஜவான்தான் முழுதும் வாங்குகிறான் என்று நினைக்கிறான்.

பிரபு: இது எனக்குத் தெரியாத விஷயம் பெரியப்பா. சரி, வயது விஷயமும் புரிகிறது. ஆனால் ஓ.ஆர்.ஓ.பி., அதாவது 'ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்' திட்டம் வந்த பிறகுதானே இப்படி ஏறுகிறது? ஒரு தடவை நிர்ணயித்த பென்ஷனை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஏற்றிக்கொண்டே போனால் எந்த அரசால் தாங்க முடியும்?

பெரியப்பா: ஓ.ஆர்.ஓ.பி. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டாய். 1973-ல் மூன்றாவது ஊதியக் குழு வரைக்கும் ஜவானுக்குக் கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் பென்ஷன் இருந்தது, அதை 50-க்கு இறக்கினார்கள். அப்புறம் ஒவ்வொரு ஊதியக் குழு வரும்போதும் புதிதாக ஓய்வு பெறுகிறவனுக்கு ஒரு பென்ஷன், பத்து வருடம் முன்னால் போனவனுக்கு அதைவிடக் குறைவு என்று ஆனது. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம், ஒரே எல்லை. 1995-ல் ஓய்வு பெற்று வந்த ஹவில்தாரின் கையில் 2006-ல் ஓய்வு பெற்று வந்த சிப்பாயைவிடக் குறைவு. 2015 ஜூனில் வயசான ஆட்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நவம்பரில் உத்தரவு வந்தது, 2014 ஜூலை முதல் கணக்கு. பிறகு 2019, இப்போது 2024 ஜூலை. ஒவ்வொரு தடவையும் அந்தந்தப் பதவியில் இருக்கிற குறைந்த பென்ஷனுக்கும் கூடிய பென்ஷனுக்கும் சராசரி எடுத்து, கீழே இருப்பவனை மேலே தூக்குகிறார்கள். இதைச் சலுகை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

செல்வி அத்தை: 2019 திருத்தத்தின் பாக்கி எங்களுக்கு 2023-ல்தான் வந்தது. அதுவும் உச்ச நீதிமன்றம் தேதி போட்டுக் கொடுத்த பிறகு. குடும்ப ஓய்வூதியக்காரர்களுக்கு ஏப்ரல் முடிவதற்குள் ஒரே தவணை, 70 வயது தாண்டியவர்களுக்கு ஜூனுக்குள், மற்றவர்களுக்கு அடுத்த பிப்ரவரி வரை மூன்று தவணை. நாலு வருடம் காத்திருந்ததில் கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர் என்று நம் தெருவிலேயே சொல்வேன்.

செல்வி அத்தை: இன்னொன்று பிரபு. மாமா வாங்கியது முழுதும் எனக்கு வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் ஏழு வருடம் அப்படி. அதற்குப் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதன் மேல் அகவிலைப்படி. அவர் ராஜஸ்தானிலும் நாகாலாந்திலும் இருந்த காலத்தில் நிலம், மாமியார், பிள்ளைகள் படிப்பு எல்லாம் நான்தான் பார்த்தேன். என்னைப் போல் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கம்மவான்பேட்டைக்குப் போய்ப் பார், ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீடு தேடிப் பிடிக்க வேண்டும். எங்களை 'வீட்டில் இருப்பவர்கள்' என்று ஒரு வார்த்தையில் முடிக்காதே.

பிரபு: அந்த வார்த்தை உங்களைக் குத்தும் என்று தெரிந்தே எழுத மாட்டேன் அத்தை. நான் கேட்க நினைத்தது வேறு. செலவு இப்படி ஏறுகிறது என்றுதானே நாலு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்? அது வந்த பிறகும் ஏன் குறையவில்லை?

மீனா அக்கா: குறையாது, இப்போதைக்குக் குறையவே குறையாது. 2022 ஜூனில் அறிவித்தார்கள், அதில் சேர்ந்தவர்களின் முதல் அணியே இன்னும் நாலு வருடம் முடிக்கவில்லை. அதற்கு முன்னால் பழைய முறையில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பென்ஷன் உண்டு. 2019-ல் சேர்ந்த ஒரு பையன் 2036 வாக்கில் வெளியே வருவான், 2070 தாண்டியும் வாங்குவான். அதனால் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்கு இந்த 1.6 லட்சம் கோடி என்ற தொகையை அக்னிபத் தொடக்கூட முடியாது. நாளைக்கு மிச்சமாகும் என்ற பணத்துக்காக இன்றைக்கு 18 வயதுப் பையன்களின் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் கருத்து.

கார்த்தி: அக்கா நான் இதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஆள்சேர்ப்புக்கான பொது நுழைவுத் தேர்வு எழுதி, அப்புறம் ஓட்டம்.

சித்தப்பா: நான் சொன்னால் கேட்க மாட்டான். அண்ணன் சொல்லட்டும்.

பெரியப்பா: போகாதே என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் கார்த்தி. எதற்குப் போகிறாய் என்று தெரிந்து போ. முதல் வருடம் மாதம் 30,000 என்று போடுவார்கள், 9,000 நிதிக்குப் பிடித்தம், கையில் 21,000. நாலாவது வருடம் 40,000, கையில் 28,000. நீ கட்டிய 5.02 லட்சம், அரசு அதே அளவு, வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது 11.71 லட்சம். வரி கிடையாது. பணியில் இருக்கும்போது 48 லட்சத்துக்குக் காப்பீடு. இதெல்லாம் உண்மை. ஆனால் நூற்றில் 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற 75 பேருக்கு பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, ராணுவ கேன்டீன் இல்லை, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தே இல்லை. 22, 23 வயதில் திரும்பி வருவாய்.

கார்த்தி: மத்தியத் துணை ராணுவப் படைகளில் 10 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது பெரியப்பா. வயதுத் தளர்வும் உண்டு.

பெரியப்பா: இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நீ மறுபடியும் விண்ணப்பம் போட்டு, மறுபடியும் தேர்வு எழுதி, முதல் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். துப்பாக்கி பிடித்து எல்லையில் நின்றவனைப் பார்த்து, நீ தகுதியானவனா என்று இன்னொரு தடவை சோதிக்கிறார்கள்.

மீனா அக்கா: எனக்கு இதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கார்கில் போருக்குப் பிறகு 1999-ல் ஓர் ஆய்வுக் குழு போட்டார்கள், தலைவர் கே. சுப்ரமணியம், நம் திருச்சியில் பிறந்தவர். அந்தக் குழுவே சொல்லிவிட்டது: ராணுவத்தில் 7 முதல் 10 வருடம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்புங்கள் என்று. ராணுவமும் இளமையாக இருக்கும், பயிற்சி பெற்ற ஆளும் வீணாக மாட்டான், 37 வயதில் பென்ஷன் தொடங்கவும் வேண்டாம். ஆறாவது ஊதியக் குழுவும் சொன்னது, ஏழாவதும் சொன்னது. பாதுகாப்பு அமைச்சகம் ஒரு பக்கம், உள்துறை ஒரு பக்கம், அந்தப் படைகளுக்கென்று தனி ஆள்சேர்ப்பு, தனிப் பதவி உயர்வு வரிசை. இருபத்தைந்து வருடமாக நகரவில்லை. நகர்ந்திருந்தால் இன்றைக்கு இந்த பென்ஷன் தொகை இந்த அளவுக்கு வந்திருக்காது, அக்னிபத்தும் தேவைப்பட்டிருக்காது.

பிரபு: அக்கா, இதை ஏன் யாரும் டி.வி.யில் பேசுவதில்லை? நான் பார்த்த விவாதம் எல்லாம் 'பென்ஷனா, போர் விமானமா' என்றுதான் ஓடுகிறது.

மீனா அக்கா: நாடாளுமன்றத்திலேயே சரியாகப் பேசுவதில்லை. பென்ஷனுக்குத் தனி மானியக் கோரிக்கையே, அதாவது செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கேட்பது, உண்டு, ஆனால் பல வருடங்களில் பாதுகாப்புத் துறைக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல், மற்றவற்றோடு சேர்த்துக் கடைசி நாளில் மொத்தமாகக் குரல் வாக்கில் நிறைவேறிவிடும்.

பெரியப்பா: பேச வேண்டிய இன்னொன்றும் உண்டு. ராணுவச் சேவை ஊதியம் என்று ஒன்று இருக்கிறது, ராணுவ வாழ்க்கையின் கஷ்டத்துக்குக் கொடுப்பது. அதிகாரிக்கு 15,500, சிப்பாயிலிருந்து சுபேதார் மேஜர் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே 5,200. சியாச்சின் குளிர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இது பென்ஷனிலும் பிரதிபலிக்கும், ஏனென்றால் அதையும் சேர்த்துத்தான் பாதி கணக்கிடுகிறார்கள். எட்டாவது ஊதியக் குழுவுக்குப் போன மாதம் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் இதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பிரபு: அப்படியென்றால் பெரியப்பா, நாமும் எழுதலாமா? சங்கம் எழுதுவது தனி. நம் தொகுதி எம்.பி.க்கு, மானியக் கோரிக்கை வருவதற்கு முன்னால். பென்ஷனைக் குறை என்று இல்லை. ராணுவத்திலிருந்து துணைப் படைக்கு நேராக மாற்றுங்கள் என்று.

பெரியப்பா: எழுது. உன் அப்பாவின் ஆயிரம் ரூபாயையும் அதில் சேர். எனக்கு வருவதைப் பார்த்து நீ கோபப்பட்டாய், அந்தக் கோபம் அவனுக்கு வராத பணத்தைக் கேட்பதில் போகட்டும். தோல் தொட்டியில் நின்றவனுக்கும் வயதான காலத்தில் மருந்து வாங்கப் பணம் வேண்டும், அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

செல்வி அத்தை: என் கையெழுத்தும் வாங்கிக்கொள். குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம் என்பதை உயர்த்தச் சொல்லியும் ஒரு வரி வேண்டும்.

மீனா அக்கா: மூன்று கோரிக்கை போதும், அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். தொகைகளை நான் சரிபார்த்துத் தருகிறேன். நாளை மத்தியானத்துக்குள் வரைவை இங்கேயே போடு தம்பி.

பிரபு: போடுகிறேன். கார்த்தி, துணைப் படை மாற்றம் பற்றிய பத்தியை நீ எழுது, நாலு வருடம் கழித்து அது உன் விஷயம்.

கார்த்தி: சரி அண்ணா. 10 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பதிலாக, விரும்புகிற எல்லோரையும் தேர்வு இல்லாமல் எடுக்க வேண்டும் என்று எழுதலாமா?

பெரியப்பா: பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று எழுது. அதுதான் முக்கியம்.